விமானிக்கு வானிலைத் தாள் சொல்வதென்ன?

விமானம் புறப்படுவதற்குமுன் விமானியிடம் சேரும் தாள்களுள் மிகச் சிறியது, அவர் சென்று இறங்கவேண்டிய நிலையத்தின் வானிலை முன்னறிவிப்பேயாகும். மூன்று அல்லது நான்கு வரிகள். எழுத்துக்களும் எண்களும் கலந்த சுருக்கக் குறிகள். பழகாத கண்ணுக்கு அவை பழைய தந்திச் செய்தியைப் போலத் தோன்றும். ஆயினும் எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, இறங்க இயலாவிடில் எந்த நிலையத்துக்குத் திரும்புவது, எத்தனை நிமிடம் வானில் வட்டமிட்டுக் காத்திருப்பது என்னும் முடிவுகள் யாவும் அந்த நான்கு வரிகளையே பெரும்பாலும் ஆதாரமாகக் கொண்டவை. அக்குறிகளுக்குப் பொருள் பிரிக்கக் கற்பது எளிது. சில நாட்களில் யாரும் கற்றுவிடலாம். அவை எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை அறிவதே கடினமானது. முன்னறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர் என்று ஒரு விமானியைக் கூறவேண்டுமானால், இந்த இரண்டாவது அறிவும் அவருக்கு இருத்தல் வேண்டும்.

கேரளக் கடற்கரையில், சிறப்பாகக் கொச்சியில், இது ஏட்டளவில் நின்றுவிடும் வேற்றுமையன்று. மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளுக்குக் கிழக்கே, மட்டாஞ்சேரி நீர்வழிக்கு அப்பால் வில்லிங்டன் தீவு இருக்கிறது. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியல் நிபுணரின் மேற்பார்வையில், துறைமுகத்தை ஆழப்படுத்துவதற்காகத் தோண்டி எடுத்த மண்ணைக்கொண்டு 1920-களிலும் 1930-களிலும் உருவாக்கப்பட்ட தீவு அது. அங்குள்ள விமானத்தளம் 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘கருடா’ என்னும் பெயருடன் கடற்படைத் தளமாயிற்று. பிரயாணி விமானங்களும் 1999 வரை அங்கேயே வந்து இறங்கின. அக்காலத்தில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் பெய்த மழை ஏறக்குறைய அதே நேரத்தில் ஓடுபாதையிலும் பெய்தது. பெரிய விமானங்களுக்குத் தீவில் இடம் போதாமையால், 1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெடும்பாசேரியில் 3,400 மீட்டர் நீள ஓடுபாதையுடன் புதிய நிலையம் திறக்கப்பட்டது. மட்டாஞ்சேரியிலிருந்து அது நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், வடகிழக்கே, கடலைவிட்டு உள்ளே தள்ளிப் பெரியாற்றுச் சமவெளியில் அமைந்துள்ளது.

இந்தத் தூரம் முக்கியமானது. ‘டாஃப்’ என்று விமானிகள் அழைக்கும் விமான நிலைய முன்னறிவிப்பு, நிலையத்தைச் சுற்றி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்கே உரியது. ‘கொச்சி’ என்று அதன் தலைப்பில் இருந்தாலும், அது கொச்சி நகரத்துக்கான முன்னறிவிப்பன்று. கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் தெரு வெள்ளமாக ஓடும்போது நெடும்பாசேரி ஓடுபாதை உலர்ந்திருப்பது உண்டு. இதற்கு நேர்மாறாக நிகழ்வதும் உண்டு. நகரத்தார் சிலர் “மழை வரும் என்றார்கள், வரவில்லையே” என்று வானிலைத் துறையினரைக் குறை கூறும்போது, எந்த வட்டத்துக்குச் சொல்லப்பட்ட முன்னறிவிப்பு என்று கேட்பதில்லை. நகரத்தார் கேளாதது மன்னிக்கத்தக்கது. விமானி கேளாதிருத்தல் கூடாது.

இனி அத்தாளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆடி மாதத்தில் ஒரு நாள் நெடும்பாசேரிக்கு இத்தகைய முன்னறிவிப்பு வெளியாவதாக உதாரணத்துக்குக் கொள்க. காற்று மேற்கிலிருந்து 8 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பார்வைத் தூரம் 4,000 மீட்டர். 1,500 அடி உயரத்தில் சிதறிய மேகம். 8,000 அடியில் வானத்தின் எட்டுப் பங்கில் ஐந்து முதல் ஏழு பங்கு வரை மூடிய மேகம். 00 மணி முதல் 03 மணி வரை ‘டெம்போ’: பலத்த மழை, பார்வைத் தூரம் 1,500 மீட்டர். இவ்வளவுதான் செய்தி. மணிக் கணக்கு கிரீன்விச் நேரத்தை ஒட்டியது. 00 மணி என்பது இந்திய நேரத்தில் காலை 5.30. தேதியும் அக்கணக்கின்படியே மாறுவதால், 18-ஆம் தேதி விடியற்காலை நாலரை மணிக்கு இறங்குபவர் தாளில் 17-ஆம் தேதிக்குரிய வரியைப் படிக்கவேண்டும். களைத்த கண்கள் இதில் தவறுவது அரிதன்று.

‘காற்று 8 நாட்’ என்னும்போது காற்று 8 நாட் வேகத்தில்தான் வீசும் என்று அத்தாள் உறுதி கூறுகிறதா? இல்லை. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனத்தின் விதிகளே இதனைத் தெளிவாக்கியுள்ளன. முன்னறிவிப்பில் காணும் எந்த எண்ணும், அக்கால அளவில் நேரக்கூடியவற்றுள் மிகவும் சாத்தியமான மதிப்பு என்றே பெறுபவர் கொள்ளவேண்டும் என்பது விதி. அவ்விதிகளின் இணைப்பில், முன்னறிவிப்பிலிருந்து எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம் என்பதும் கூறப்பட்டுள்ளது. காற்றின் திசையில் 20 பாகை வரையிலும், வேகத்தில் 5 நாட் வரையிலும் வித்தியாசம் இருக்கலாம். அந்த வரம்புக்குள்ளும் நூற்றுக்கு 80 தடவை அமைந்தால் போதுமானது. பார்வைத் தூரம் 800 மீட்டருக்கு மேற்பட்டால் நூற்றுக்கு 30 பங்கு வரை கூடலாம், குறையலாம். மேகத்தின் அளவைப் பொறுத்தவரை நூற்றுக்கு 70 தடவை சரியாக இருந்தாலே அது நல்ல முன்னறிவிப்பு.

இதை வானிலை நிபுணரின் பலவீனமாகக் கருதுவோர் உளர். அது சரியன்று. தன் அறிவின் எல்லையைத் தானே அளந்து எழுதிவைப்பது விஞ்ஞானத்தின் சிறப்புக்களுள் ஒன்று. ஐந்தில் ஒரு தடவை எல்லை மீறக்கூடும் என்று முன்கூட்டியே அறிவித்துள்ள ஒரு கருவியை, ஐந்திலும் தவறாது என்று எண்ணிப் பயன்படுத்துபவரே பிழை செய்கிறார். 4,000 மீட்டர் என்ற எண்ணைப் படிக்கும் விமானியின் மனத்தில் 2,800 முதல் 5,200 வரையுள்ள ஒரு பரப்பு தோன்றவேண்டும்.

‘டெம்போ’ என்னும் குறி இன்னும் நுட்பமானது. தற்காலிகமான மாறுதல் என்பது இதன் பொருள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவும், மொத்தத்தில் குறித்த காலத்தில் பாதிக்குக் குறைவாகவும் அம்மாறுதல் நிலவும் என்று விதி கூறுகிறது. மேற்கூறிய உதாரணத்தில் மூன்று மணி நேரத்துக்கு டெம்போ என்றால், அதில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரை பலத்த மழை பெய்தாலும் முன்னறிவிப்பு பொய்யாகாது. ‘தற்காலிகம்’ என்ற சொல் காதில் விழும்போது ‘சற்று நேரத்தில் விலகிவிடும்’ என்ற ஆறுதல் பிறக்கிறது. அந்த ஆறுதலுக்குத் தாளில் ஆதாரம் இல்லை. மழை பெய்யும் ஐம்பது நிமிடமும் விமானம் வந்து சேரும் நிமிடமும் ஒன்றாக அமைந்தால், விமானியைப் பொறுத்தவரை அது தற்காலிகமன்று. அவருடைய எரிபொருள் முழுவதற்கும் நிரந்தரமாகும்.

நிகழ்தகவைக் குறிக்க ‘பிராப்’ என்னும் குறி உண்டு. அதனுடன் 30 அல்லது 40 என்ற இரண்டு எண்களுக்கே இடம். முப்பதுக்குக் குறைந்தால் குறிப்பிடும் அளவுக்கு முக்கியமில்லை என்றும், ஐம்பதை எட்டினால் நிகழ்தகவாகச் சொல்லாமல் டெம்போ முதலிய மாறுதலாகவே எழுதவேண்டும் என்றும் விதி. ஆகவே தாளில் எதுவும் எழுதப்படாதிருப்பது ‘நிகழாது’ என்று பொருள்படாது. நூற்றுக்கு இருபத்தைந்து தடவை நிகழக்கூடிய ஒன்றைப் பற்றியும் தாள் மௌனமாகவே இருக்கும். ஒரே ஒரு நாளைக் கொண்டு ‘நூற்றுக்கு முப்பது’ என்ற கூற்றை மெய்யென்றோ பொய்யென்றோ தீர்மானிக்கவும் முடியாது. அவ்வாறு கூறப்பட்ட பல நாட்களைத் தொகுத்து, அவற்றுள் பத்துக்கு மூன்று நாட்களில் அது நிகழ்ந்ததா என்று பார்த்தல் வேண்டும். இக்கணக்கை ஒழுங்குபடுத்தும் அளவுகோல் ஒன்றை அமெரிக்க வானிலை நிபுணர் கிளென் பிரையர் 1950-இல் வகுத்தார். இன்றும் உலகெங்கும் முன்னறிவிப்புக்களின் தரம் அதனால் அளக்கப்படுகிறது.

முன்னறிவிப்பை நம்பாத விமானிகள் பலர் வேறொரு தாளை நம்புவர். நிலையத்தில் அரை மணிக்கு ஒரு தடவை அளந்து வெளியிடப்படும் ‘மெட்டார்’ அறிக்கையே அது. அளந்து கண்டதாகையால் அதில் ஊகமில்லை என்பது உண்மை. ஆனால் அது கடந்துபோன ஒரு கணத்தின் படம். பருவமழை கடலிலிருந்து பட்டை பட்டையாக வந்து கரையேறும் இயல்புடையது. பதினைந்து அல்லது இருபது நிமிடம் கொட்டும், வானம் வெளுக்கும், அடுத்த பட்டை வந்து சேரும். இடையிலுள்ள வெளுப்பில் அளவெடுத்தால் பார்வைத் தூரம் 5,000 மீட்டர் என்று வரும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அதைப் படிக்கும் விமானி வந்து சேர்வதற்குள் அந்த வெளுப்பு கிழக்கே மலையடிவாரத்துக்குப் போயிருக்கும். நிலைமை வேகமாகக் கெட்டால் இடையே தனி அறிக்கை வெளியிடப்படும் என்றாலும், அதுவும் நிகழ்ந்ததைக் கூறுவதேயன்றி வருவதைக் கூறுவதாகாது.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே பள்ளுருத்தியில் இந்திய வானிலைத் துறை நிறுவியுள்ள டாப்ளர் ராடார் இக்குறையைப் பெருமளவு போக்கவல்லது. கடலின்மேல் மழைப் பட்டைகள் எங்கே உள்ளன, எத்திசையில் எவ்வேகத்தில் நகர்கின்றன என்று அது காட்டும். அப்படத்தைப் பார்ப்பவர், அடுத்த பட்டை நெடும்பாசேரியை அடைய எத்தனை நிமிடம் ஆகும் என்று ஓரளவு கணக்கிட்டுச் சொல்லலாம். இத்தகைய செய்தி வானிலுள்ள விமானிக்கு எட்டவேண்டிய நேரத்தில் எட்டுமானால், ஒரு பட்டை கடந்துபோகும் வரை காத்திருப்பதா, உடனே திரும்புவதா என்ற வினாவுக்கு அவர் ஊகத்தால் விடை தேடவேண்டியதில்லை.

தாள் சொல்லாத மற்றொன்று மேலே வீசும் காற்று. டாஃபில் காணும் காற்று தரையை ஒட்டி அளக்கப்படுவது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது, தரையில் 8 அல்லது 10 நாட் வீசும் வேளையிலேயே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் 40 நாட்டுக்கும் மேற்பட்ட மேல்காற்று தீபகற்பத்தின் குறுக்கே பாய்ந்துகொண்டிருக்கலாம். பி. வி. ஜோசப், பி. எல். ராமன் என்னும் இந்திய வானிலை விஞ்ஞானிகள் இருவர் 1966-இல் இக்காற்றோட்டத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். மேற்கே கடல்வழி வரும் விமானத்தை இது முதுகில் தள்ளும். நெடும்பாசேரி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால், எதிர்க்காற்றில் இறங்க விரும்பும் விமானம் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே சென்று திரும்பி மேற்கு நோக்கி வரவேண்டும். திரும்பியவுடன் அதே காற்று முகத்தில் அடிக்கும். இறங்க இறங்க வேகமாகக் குறையும். தாளிலுள்ள எண்ணை மட்டும் மனத்தில் கொண்டவருக்கு இம்மாறுதல் எதிர்பாராததாக இருக்கும்; அந்நாளின் மேல்காற்று வரைபடத்தையும் பார்த்து வந்தவருக்கு இருக்காது.

தரையைப் பற்றியும் தாள் பேசுவதில்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் பெரியாறு கரைபுரண்டு நெடும்பாசேரி ஓடுபாதையை மூழ்கடித்தது. அம்மாதம் 15-ஆம் தேதி முதல் 29-ஆம் தேதி வரை நிலையம் மூடப்பட்டது. அந்நாட்களில் சிறு பிரயாணி விமானங்கள் மீண்டும் வில்லிங்டன் தீவின் கடற்படைத் தளத்தில் வந்து இறங்கின. ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் மட்டாஞ்சேரி மக்கள் கண்ட காட்சி அது. நிலைய வட்டத்துக்குள் எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, மலைமேல் எவ்வளவு பெய்தது, அணைகளில் எவ்வளவு நீர் திறந்துவிடப்பட்டது என்பதே அன்று பெரிதாயிற்று.

இவை யாவற்றையும்விட மாற்று நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் வினாவே மிக முக்கியமானது, உயிர்களைப் பொறுத்தது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி அதிகாலையில், தோஹாவிலிருந்து 142 பிரயாணிகளுடன் கொச்சிக்கு வந்த தனியார் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம் ஒன்று, பார்வைத் தூரம் குறைந்திருந்தமையால் நெடும்பாசேரியில் மூன்று தடவை இறங்க முயன்று மேலெழும்பியது. பின்னர் திருவனந்தபுரத்துக்குத் திரும்பிற்று. அங்கும் பார்வைத் தூரம் போதவில்லை. மூன்று முயற்சிகள் பலிக்கவில்லை. அபாய அறிவிப்புச் செய்த விமானி நான்காவது முயற்சியில், மொத்தத்தில் ஏழாவது முயற்சியில், விமானத்தை இறக்கினார். எவருக்கும் காயமில்லை. தொட்டிகளில் எஞ்சியிருந்த எரிபொருள் ஏறக்குறைய 350 கிலோகிராம். அவ்வகை விமானம் பத்து நிமிடம் பறப்பதற்குக்கூட அது போதாது. எந்நிலையிலும் தொடாமல் அரை மணி நேரப் பறப்புக்கான எரிபொருளை இறுதிச் சேமிப்பாக வைத்திருக்கவேண்டும் என்பது விதி.

அன்றைய விமானியின் செயலை இங்கே விசாரிக்கத் தேவையில்லை. அதற்குரிய அதிகாரிகள் விசாரித்துள்ளனர். கவனிக்கவேண்டியது வேறு. நெடும்பாசேரியும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே கடற்கரையில், ஒரே மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில், ஒரே ஈரக்காற்றின் வழியில் உள்ளன. தெற்கே செல்லச் செல்லத் தென்மேற்குப் பருவமழை குறைவதால், பல நாட்களில் கொச்சியில் மழை பெய்யும்போது திருவனந்தபுரம் தெளிவாக இருப்பது உண்மையே. அதனாலேயே அது நல்ல மாற்று நிலையம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் விமானிக்கு வேண்டிய கணக்கு ‘பொதுவாகத் திருவனந்தபுரம் எத்தனை நாள் தெளிவாக இருக்கும்’ என்பதன்று. ‘கொச்சியில் இறங்க முடியாத நாட்களுள் திருவனந்தபுரம் எத்தனை நாள் தெளிவாக இருக்கும்’ என்பதே. இரண்டும் வெவ்வேறு வினாக்கள்.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். இரண்டு நிலையங்களில் ஒவ்வொன்றும் பத்து நாட்களுக்கு ஒரு நாள் மூடிக்கிடப்பதாக வைத்துக்கொள்வோர், இரண்டும் ஒரே நாளில் மூடுவது நூறு நாட்களுக்கு ஒருமுறை என்று கணக்கிடுவர். ஒன்றின் வானிலைக்கும் மற்றதன் வானிலைக்கும் தொடர்பே இல்லாவிடில் அக்கணக்குச் சரி. ஒரே மேகக் கூட்டம் இரண்டையும் மூடக்கூடுமானால், கொச்சி மூடிய பத்து நாட்களில் மூன்று நாட்களோ நான்கு நாட்களோ திருவனந்தபுரமும் மூடியிருக்கக்கூடும். நூற்றுக்கு ஒன்று என்று நம்பிய அபாயம் மூன்று நான்கு மடங்காகிவிடும். தனித்தனியே எழுதப்பட்ட இரண்டு முன்னறிவிப்புத் தாள்களில் இத்தொடர்பைக் கூறும் குறி எதுவும் இல்லை. இரண்டையும் படித்துத் தொடர்பைக் காணவேண்டியவர் படிப்பவரே.

நெடும்பாசேரியிலிருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான். திருவனந்தபுரத்தைவிட அருகில் உள்ளது. மலைத்தொடரின் கிழக்கே, மழை மறைவில் இருப்பதால், ஆடி ஆவணியில் கேரளக் கரை முழுவதும் மேகத்தில் மூழ்கியிருக்கும்போது அங்கே மேகம் உயர்ந்தும் பார்வைத் தூரம் தெளிந்தும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் காற்று அங்கே வேகமாகவும் குமுறியும் வீசும் என்பதை மறைத்தல் கூடாது; ஆயினும் கண் தெரிந்து காற்றோடு போராடுவது வேறு, கண் தெரியாமல் இறங்குவது வேறு. பெங்களூரும் சென்னையும் தொலைவு. எரிபொருள் மிகுதியாக வேண்டும். சென்னையில் தென்மேற்குப் பருவக் காலத்து மாலைகளில் இடிமழை உண்டு, விடியற்காலையில் குறைவு. வளைகுடா நாடுகளிலிருந்து கொச்சிக்கு வரும் விமானங்கள் பல விடியற்காலையில் வருவன என்பதை இங்கே நினைத்தல் தகும். ஐப்பசி கார்த்திகையில் இக்கணக்கு மாறிவிடும். அப்போது புயலும் அடைமழையும் சோழமண்டலக் கரைக்கு உரியன. கேரளத்தில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும், காலை பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆண்டு முழுவதற்கும் ஒரே மாற்று நிலையத்தைப் பட்டியலில் எழுதி வைப்பது, ஆண்டு முழுவதும் ஒரே உடையை உடுத்துவது போன்றதே.

குளிர்காலத்து விடியல்களில் நெடும்பாசேரியில் படியும் மூடுபனி இன்னொரு வகை. முன்னிரவில் மழை பெய்து, பின்னிரவில் வானம் வெளுத்துக் காற்று அடங்கினால், ஆற்றுச் சமவெளியின் ஈரத் தரை குளிர்ந்து பனி எழும். கடலோரத்து மட்டாஞ்சேரியில் அதே வேளையில் துறைமுக விளக்குகள் பளிச்சென்று தெரியலாம். இப்பனி வெயில் ஏறியதும் கலைவது பெரும்பாலும் உறுதி; ஆகவே அங்கே காத்திருத்தல் அறிவுடைமை. பருவமழையில் அத்தகைய உறுதி இல்லை. பார்வைத் தூரம் 800 மீட்டர் என்ற ஒரே எண் இரண்டு நாட்களில் இரண்டு வெவ்வேறு முடிவுகளைக் கோருகிறது. காரணத்தை அறிந்தாலன்றி எண்ணால் பயனில்லை.

முன்னறிவிப்பின் எண்களில் உள்ள இடைவெளி எத்தகைய விளைவைத் தரவல்லது என்பதற்குக் கோழிக்கோடு விபத்தும் ஒரு சான்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கரிப்பூர் மேட்டுநில ஓடுபாதையில் மழைக்கிடையே பின்காற்றுடன் இறங்கி, ஓடுபாதையின் ஏறக்குறைய பாதி கடந்தபின் தரையைத் தொட்டு, முடிவில் பள்ளத்தில் வீழ்ந்தது. 21 பேர் உயிரிழந்தனர். வகுத்த நடைமுறைகளை மீறி இறங்குதலைத் தொடர்ந்ததே முக்கியக் காரணம் என்று விசாரணை கண்டது. பின்காற்றின் அளவு 14 நாட் என்று அறியப்பட்டது. காற்றின் வேகத்தில் 5 நாட் வித்தியாசம் முன்னறிவிப்புக்குப் பிழையாகாது என்று மேலே கூறப்பட்டதை இதனுடன் சேர்த்து எண்ணினால், 9 நாட்டுக்கும் 14 நாட்டுக்கும் உள்ள தூரம் எத்தகையது என்பது விளங்கும்.

மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். மிகையான எச்சரிக்கையும் தீங்கானது. ஆனி முதல் ஆவணி வரை நாள்தோறும், எல்லா மணிக்கும், ‘டெம்போ பலத்த மழை’ என்று எழுதிவிட்டால் முன்னறிவிப்பாளர்மீது எவரும் பழி கூற முடியாது. ஆனால் அத்தாளுக்கு மதிப்பும் இராது. நாள்தோறும் ஒலிக்கும் அபாயச் சங்கை எவரும் காதில் வாங்குவதில்லை. தேவையின்றி ஏற்றிய எரிபொருளும் இலவசமன்று. நான்கு மணி நேரப் பறப்பில், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு நூறு கிலோவிலும் பத்துக் கிலோவுக்கு மேல் அதைச் சுமப்பதற்கே எரிந்துவிடும். தம்மைக் காத்துக்கொள்ள எழுதும் முன்னறிவிப்பாளரும், செலவைக் காக்கப் படிக்கும் நிறுவனமும் சந்திக்கும் இடத்தில் விமானி தனியே நிற்கிறார்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழி கண்டனர். இறங்கவேண்டிய நிலையத்துக்கு டெம்போ என்று குறித்திருந்து, அக்குறிப்பு வரம்புக்குக் கீழ்ப்பட்டதானால், அறுபது நிமிடம் வானில் காத்திருக்கும் எரிபொருளை ஏற்றவேண்டும்; இல்லையேல் மாற்று நிலையத்துக்குச் செல்லும் எரிபொருளை ஏற்றவேண்டும். சொல்லுக்கு நிமிடக் கணக்கில் விலை வைத்ததே இதன் சிறப்பு. தற்காலிகம் என்பது எவ்வளவு நேரம் என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. கேரளக் கரைக்கு இதை அப்படியே எடுத்தாள முடியாமற்போகலாம். பருவமழைக் காலத்தில் காத்திருக்கும் எரிபொருளுடன், மலைக்கு அப்பால் ஒரு நிலையத்துக்குச் செல்லும் எரிபொருளும் சேர்ந்தாலே போதிய பாதுகாப்பாகும். அவ்வளவு எடையை ஏற்ற முடியாத நாளில் சில பிரயாணிகளின் சாமான்கள் அடுத்த விமானத்தில் வரட்டும்.

வேறொன்றும் செய்யத்தக்கது. முற்காலத்தில் விமானி புறப்படுமுன் வானிலை அலுவலகத்துக்கு நேரே சென்று, வரைபடத்தின் முன் நின்று, முன்னறிவிப்பாளரிடம் கேள்வி கேட்பது வழக்கம். இன்று கணிப்பொறியின் வழியே தாள் வந்துவிடுகிறது. விரைவும் துல்லியமும் பெருகின. ‘இதில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?’ என்று கேட்கும் வாய்ப்புக் குறைந்தது. அவ்வினாவுக்கான விடையைத் தாளிலேயே சேர்க்கலாம். நெடும்பாசேரிக்குச் சென்ற பத்தாண்டுகளில் ஆடி மாத விடியற்காலைகளுக்கு எழுதப்பட்ட டெம்போக்களில் எத்தனை பலித்தன, எழுதப்படாத நாட்களில் எத்தனை தடவை மழை பெய்தது, கொச்சி மூடிய வேளைகளில் திருவனந்தபுரமும் கோயம்புத்தூரும் எவ்வாறு இருந்தன என்னும் மூன்று கணக்குகள் ஒரு சிறு அட்டவணையில் அடங்கும். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அட்டவணைகள். அரை மணிக்கு ஒன்றாக ஆண்டுதோறும் குவியும் அளவைக் குறிப்புக்களே இதற்கு வேண்டிய மூலப்பொருள். ஒவ்வொரு நாளின் முன்னறிவிப்போடும் அம்மாதத்து அட்டவணையை இணைத்து அனுப்ப, புதிய கருவி எதுவும் தேவையில்லை.